விலை விழும் என்று நம்பி விற்பவர்கள்

ஒரு பொருளின் விலை ஏறும் என்று நம்புகிறவர் அதை வாங்கி வைப்பார். இது எல்லோருக்கும் தெரிந்த வியாபாரம். விலை விழும் என்று நம்புகிறவர் என்ன செய்வார்? வாங்காமல் ஒதுங்கி இருப்பார் என்பதுதான் சாதாரணமாக வரும் பதில். பங்குச் சந்தையில் இன்னொரு வழியும் இருக்கிறது. தன்னிடம் இல்லாத பங்கை இன்னொருவரிடம் இரவல் வாங்கி இன்றைய விலைக்கு விற்றுவிடுவது. விலை விழுந்த பிறகு சந்தையில் வாங்கி இரவலைத் திருப்பிக் கொடுப்பது. இடையில் மிஞ்சுவதை இலாபமாக எடுத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் ஷோர்ட் செல்லிங் என்கிறார்கள். தமிழில் குறுவிற்பனை என்று சிலர் எழுதுகிறார்கள். நடப்பது என்ன என்பது சொல்லிலேயே தெரியட்டும் என்பதற்காக இக்கட்டுரையில் இதனை இரவல் விற்பனை என்றே குறிப்பிடுவோம்.

ஒரு கற்பனைக் கணக்கோடு தொடங்கினால் விளங்கும். அறுவடைக்கு முன் நெல் விலை உச்சத்தில் நிற்கிறது. மூடை 8,000 ரூபா. ஒருவர் பக்கத்து வளவுக்காரரிடம் பத்து மூடை நெல்லை இரவலாகக் கேட்டு வாங்குகிறார். “வெள்ளாமை வெட்டின பிறகு பத்து மூடை நெல்லாவே திருப்பித் தாறன்” என்பது பேச்சு. வாங்கிய நெல்லை அன்றே விற்று 80,000 ரூபாவைக் கையில் வைத்துக்கொள்கிறார். அறுவடை முடிந்து மூடை 6,000 ரூபாவுக்கு இறங்கினால், 60,000 ரூபாவுக்குப் பத்து மூடை வாங்கி இரவலை அடைக்கலாம். மிச்சம் 20,000 ரூபா. ஆனால் வெள்ளம் வந்து வயல் அழிந்து மூடை 15,000 ரூபாவுக்குப் போனால் அதே பத்து மூடையை வாங்க 150,000 ரூபா வேண்டும். கையில் இருப்பது 80,000. மீதி 70,000 ரூபாவை வேறெங்காவது தேடித்தான் ஆகவேண்டும்.

இந்தச் சின்னக் கணக்கில் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. நெல் இலவசமாகவே கிடைத்தாலும் இவருடைய இலாபம் 80,000 ரூபாவைத் தாண்டாது. நட்டத்துக்கோ அப்படியொரு எல்லை கிடையாது. விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் நட்டம். இது முதலாவது. அறுவடைக்கு ஒரு காலம் இருக்கிறது, எப்போது விலை இறங்கக்கூடும் என்று ஓரளவுக்குச் சொல்ல முடிகிறது என்பது இரண்டாவது. வேகமாக வளரும் ஓர் இணையக் கம்பனியின் பங்கை இரவல் விற்பவருக்கு முதலாவது ஆபத்து முழுமையாக இருக்கிறது. இரண்டாவது வசதி அறவே இல்லை. அவருக்கு அறுவடைத் தேதி தெரியாது.

ஒல்லாந்தர் காலத்திலேயே தொடங்கியது

இது கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு அல்ல. 1602இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, 1796 வரை எங்கள் தீவின் கரையோரங்களை ஆண்ட அதே கம்பனிதான். அதன் ஆரம்பகாலப் பெரும் பங்காளர்களில் ஒருவர் ஐசாக் லெ மேர். கம்பனியோடு பிணக்குப்பட்டு வெளியேறிய அவர், 1609இல் சில வணிகர்களோடு இரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து, தங்களிடம் இல்லாத கம்பனிப் பங்குகளைப் பின்னொரு தேதியில் தருவதாகச் சொல்லி விற்றார். கம்பனியைப் பற்றிய கெட்ட செய்திகளும் கூடவே பரப்பப்பட்டன. கம்பனி அரசிடம் முறையிட்டது. 1610இல், கையில் இல்லாத பங்கை விற்கக் கூடாது என்று நெதர்லாந்து அரசு தடை போட்டது. விலை அவர்கள் எதிர்பார்த்தபடி விழுந்து கிடக்கவில்லை. கூட்டாளிகளில் பலர் நட்டப்பட்டார்கள்.

நானூறு வருடத்துக்கு முந்திய இந்தக் கதையில் இன்றைய கதையின் பாத்திரங்கள் எல்லாம் இருக்கிறார்கள்: வேகமாக வளரும் கம்பனி, அதன் விலை அதிகம் என்று நம்பும் விவரம் தெரிந்த ஒருவர், கோபப்படும் நிர்வாகம், நடுவில் வந்து சட்டத்தை மாற்றும் அரசு. அறிவு குறைந்ததால் லெ மேர் தோற்றார் என்று சொல்ல முடியாது. கம்பனியின் உள்வீட்டு விஷயம் அவரை விட அதிகம் தெரிந்தவர்கள் சந்தையில் சிலரே இருந்திருப்பார்கள்.

இன்றைய நடைமுறை

அமெரிக்கச் சந்தையில் இரவல் விற்பனை சட்டப்படி நடக்கிறது. தரகுக் கம்பனி தன்னிடமுள்ள வேறு வாடிக்கையாளர்களின் பங்குகளிலிருந்தோ, பெரிய நிதியங்களிடமிருந்தோ பங்கை இரவல் எடுத்துக் கொடுக்கும். அதற்கு வாடகை உண்டு. எல்லோரும் ஒரே பங்கை இரவல் கேட்டால் வாடகை ஏறிக்கொண்டே போகும். பங்குக்கு இலாபப் பங்கு அறிவிக்கப்பட்டால் அதை இரவல் தந்தவருக்கு, விற்றவர் தன் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டும். இரவல் தந்தவர் திடீரென்று பங்கைத் திருப்பிக் கேட்கவும் கூடும். வேறிடத்தில் இரவல் கிடைக்காவிட்டால் அன்றைய விலை என்னவோ அந்த விலைக்கு வாங்கிக் கொடுத்தே தீரவேண்டும்.

இவற்றை விடப் பெரியது பிணை வைப்பு. பங்கை விற்று வந்த காசு விற்றவரின் கைக்கு வராது; தரகரிடமே இருக்கும். அதற்கு மேல் விற்ற பெறுமதியில் பாதியையாவது தொடக்கத்தில் பிணையாகக் கட்டவேண்டும். பிறகு ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கப்படும். பங்கின் அன்றைய பெறுமதியில் குறைந்தது 30 வீதமாவது விற்றவரின் சொந்தப் பணமாகக் கணக்கில் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது சாதாரண விதி. அதற்குக் கீழே போனால் தரகர் அழைப்பார்: “மேலும் காசு கட்டுங்கள்.” கட்டாவிட்டால் அவரே பங்கை வாங்கி இரவலை அடைத்து, நட்டத்தை வாடிக்கையாளர் தலையில் எழுதிவிடுவார். ஆகவே இந்த வியாபாரத்தில் எப்போது வெளியேறுவது என்ற முடிவுகூட முழுதாக விற்றவரின் கையில் இல்லை.

நெட்பிளிக்ஸ்: ஒரு வருடத்தில் படித்த பாடம்

இந்த ஆபத்துகள் அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்க 2010, 2011 ஆண்டுகளின் நெட்பிளிக்ஸ் கதையே போதும்.

நெட்பிளிக்ஸ் 1997இல் கலிபோர்னியாவில் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ரண்டொல்ப் ஆகிய இருவரால் தொடங்கப்பட்டது. திரைப்பட டிவிடிகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பும் சேவை அது. 2002 மே மாதம் பங்கு 15 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. 2007இல் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தெருக்களை நிறைத்திருந்த புளொக்பஸ்டர் வாடகைக் கடைகள் 2010 செப்டெம்பரில் வங்குரோத்தாகின. 2009 முடிவில் 12 மில்லியனாக இருந்த நெட்பிளிக்ஸ் சந்தாதாரர் தொகை 2010 முடிவில் 20 மில்லியனாகியது. அந்த ஒரே ஆண்டில் பங்கின் விலை ஏறத்தாழ 55 டொலரிலிருந்து 175 டொலர் வரை போனது. ஒரு பங்குக்குரிய வருட இலாபத்தைப் போல 60 மடங்குக்கும் மேல் விலை கொடுத்து ஆட்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இது அதிகம் என்று நினைத்தவர்களில் ஒருவர் விட்னி டில்சன் என்ற நியூயோர்க் நிதி முகாமையாளர். அவர் பங்கை இரவல் விற்றிருந்தார். 2010 டிசெம்பர் நடுவில், விலை 180 டொலரளவில் நின்றபோது, தன் காரணங்களை நீண்ட கட்டுரையாகப் பகிரங்கமாகவே வெளியிட்டார். அவருடைய வாதம் மேலோட்டமானது அல்ல. டிவிடி வியாபாரம் வேறு, இணையத்தில் படம் காட்டும் வியாபாரம் வேறு என்றார் அவர். டிவிடியை யாரும் கடையில் வாங்கி வாடகைக்கு விடலாம். இணையத்தில் காட்ட வேண்டுமானால் படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கவேண்டும். ஸ்டார்ஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனத்தோடு 2008இல் மலிவாகச் செய்த ஒப்பந்தம் 2012இன் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு பல மடங்கு விலை கேட்பார்கள். அமேசன், அப்பிள் போன்ற மலைகள் போட்டிக்கு வருகின்றன. செலவு ஏறும், இலாபம் சுருங்கும், விலை விழும்.

சில நாட்களில் ஹேஸ்டிங்ஸ் பகிரங்கப் பதில் எழுதினார். ஒரு கம்பனியின் தலைவர் தன் பங்கை எதிர்த்து நிற்பவருக்கு நேரடியாகப் பதில் எழுதுவது வழமையில்லாத காரியம். வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மரியாதையோடு பதில் சொல்லிய அவர், உடனே பங்கைத் திருப்பி வாங்கி வெளியேறுமாறு டில்சனுக்கு ஆலோசனையும் கூறினார்.

2011 ஜனவரி இறுதியில் காலாண்டுக் கணக்கு வெளியானது. எதிர்பார்த்ததை விட நல்ல கணக்கு. ஒரே நாளில் விலை 15 வீதமளவில் ஏறி 210 டொலரைத் தொட்டது. டில்சன் நெட்பிளிக்ஸ் சந்தாதாரர்களிடையே ஒரு கருத்தாய்வு செய்வித்தார். இணையச் சேவையில் அவர்கள் தான் நினைத்ததை விடத் திருப்தியோடு இருப்பதைக் கண்டார். பெப்ரவரியில் பங்கைத் திருப்பி வாங்கி, நட்டத்தோடு வெளியேறினார். அதையும் பகிரங்கமாகவே எழுதினார். ஜூலை மாதம் விலை 300 டொலரைத் தாண்டியது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே ஜூலையில் டிவிடியையும் இணையச் சேவையையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டும் வேண்டுபவருக்கு மாதக் கட்டணத்தை 9.99 டொலரிலிருந்து 15.98 டொலராக உயர்த்தினார்கள். சந்தாதாரர்கள் கொதித்தார்கள். செப்டெம்பர் முதலாம் தேதி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று ஸ்டார்ஸ் அறிவித்தது. அதே மாதம் டிவிடி சேவைக்குக் குவிக்ஸ்டர் என்று வேறு பெயர் வைக்கப் போவதாக ஹேஸ்டிங்ஸ் சொன்னார். சிரிப்புக்கிடமாகி, ஒக்டோபரில் அந்த யோசனையைக் கைவிட்டார். ஒக்டோபர் இறுதியில், ஒரே காலாண்டில் அமெரிக்காவில் 800,000 சந்தாதாரர்கள் விலகியதாகக் கணக்கு வந்தது. மறுநாளே விலை 35 வீதம் விழுந்து 77 டொலரானது. நவம்பரில் காசுத் தேவைக்காகக் கம்பனி ஒரு பங்கை 70 டொலருக்கு விற்றது. அதே ஆண்டில் முன்னர் 200 டொலருக்கு மேல் கொடுத்துத் தன் பங்குகளையே வாங்கியிருந்த கம்பனி அது.

டில்சன் டிசெம்பரில் பயந்த விஷயங்களில் முக்கியமானது, ஸ்டார்ஸ் ஒப்பந்தம், அப்படியே நடந்தது. விலையும் அவர் எழுதியபோது இருந்ததை விடப் பாதிக்கும் கீழே போனது. ஆனால் அவர் அப்போது அந்தப் பேரத்தில் இருக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா?”

இந்த இடத்தில் பலரும் சொல்வது: “ஆள் அவசரப்பட்டுட்டார். இன்னும் எட்டு மாசம் பொறுத்திருந்தா கொள்ளை இலாபம்.” கணக்கைப் போட்டுப் பார்த்தால் பொறுமை எவ்வளவு செலவாகும் என்று தெரியும்.

ஒரு சாதாரண முதலீட்டாளர் 2010 டிசெம்பரில் 180 டொலர் வீதம் 100 பங்குகளை இரவல் விற்றதாக வைத்துக்கொள்வோம். விற்ற காசு 18,000 டொலர். அதில் பாதி, 9,000 டொலர், அவருடைய சொந்தப் பிணை. ஆகத் தரகரிடம் இருப்பது 27,000 டொலர். பங்கின் விலை 207 டொலரைத் தாண்டியதும் 100 பங்கை வாங்கத் தேவைப்படும் தொகை 20,700 டொலருக்கு மேல் போகிறது. மிஞ்சுவது 6,300க்குக் கீழ். அது 30 வீதத்தின் எல்லைக் கோடு. அதாவது ஜனவரி இறுதியில் விலை 210ஐத் தொட்ட அன்றே தரகரின் அழைப்பு வந்திருக்கும். விற்று ஆறு கிழமைதான் ஆகியிருக்கும்.

சரி, மேலும் காசு கட்டினார் என்று வைப்போம். ஜூலையில் விலை 300 டொலர். 100 பங்கை வாங்க 30,000 டொலர் வேண்டும். முதலில் இருந்த 27,000 முழுவதும் போய், மேலும் 3,000 கடன். அதற்கு மேல் 30 வீதப் பிணைக்கு 9,000. ஆக மொத்தம் 12,000 டொலரைப் புதிதாகக் கட்டியிருந்தால் மட்டுமே அவர் அந்த நாளில் பேரத்தில் நின்றிருக்க முடியும். 9,000 டொலரோடு இறங்கியவர் 21,000 டொலர் கட்டிவிட்டு, தான் சொன்னது சரி என்று காட்டும் ஒரு செய்திகூட வராத நிலையில், ஊர் முழுக்கச் சிரிக்க, பொறுத்திருக்க வேண்டும். நவம்பரில் 70 டொலருக்கு விலை வந்ததும் அவருக்கு 11,000 டொலர் இலாபம் கிடைத்திருக்கும். உண்மைதான். ஆனால் ஜூலை மாதத்தில் நவம்பரைப் பார்க்கும் கண் யாருக்கு இருந்தது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பங்கை வாங்கி வைத்தவருக்கு விலை விழ விழ, அவருடைய மொத்தச் சொத்தில் அந்தப் பங்கின் பாகம் சிறுத்துக்கொண்டே போகும். இரவல் விற்றவருக்கு நேர்மாறு. பிழைக்கப் பிழைக்க அவருடைய பொறுப்பு பெருத்துக்கொண்டே போகும். 18,000 டொலர்ப் பேரம் தானாகவே 30,000 டொலர்ப் பேரமாகிவிட்டது. அவர் ஒரு பங்குகூடக் கூடுதலாக விற்கவில்லை.

கதை 2011இல் முடியவும் இல்லை. “நாங்கள் சொன்னது நடந்துவிட்டது, இந்தக் கம்பனி இனி எழும்பாது” என்று நினைத்து 70 டொலர் விலையில் புதிதாக இரவல் விற்றவரின் நிலை என்ன? 2013 பெப்ரவரியில் நெட்பிளிக்ஸ் தானே தயாரிப்பித்த ஹவுஸ் ஒப் கார்ட்ஸ் தொடர் வெளியானது. அந்த ஆண்டில் மட்டும் பங்கு ஏறத்தாழ நான்கு மடங்கானது. 2015 ஜூலையில், ஒரு பங்கை ஏழாகப் பிரிப்பதற்குச் சற்று முன், விலை 700 டொலர். 70 டொலருக்கு விற்றவர் பத்து மடங்கு கொடுத்துத் திருப்பி வாங்கவேண்டிய நிலை அது.

இணையக் கம்பனி ஏன் கூடுதல் ஆபத்து?

விலை கூடிய எந்தப் பங்கை இரவல் விற்றாலும் ஆபத்து உண்டு. வேகமாக வளரும் இணையக் கம்பனியில் அது கூடுதலாக இருப்பதற்குச் சில காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, விலைக்கு நங்கூரம் இல்லை. ஒரு சீமெந்துத் தொழிற்சாலைக்கு நிலம், இயந்திரம், வருட உற்பத்தி என்று கணக்கு உண்டு. விலை அதிலிருந்து மிகத் தூரம் போனால் பலருக்கும் தெரியும். இணையக் கம்பனியின் விலையில் பெரும்பங்கு, இன்னும் வராத வருடங்களின் இலாபத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு. இலாபத்தைப் போல 60 மடங்கு அதிகம் என்றால் 100 மடங்கும் அதிகம்தான். ஆனால் 60இல் நிற்கும் விலை 100க்குப் போகாது என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை.

இரண்டாவது, வளர்ச்சி தானே பல கேள்விகளுக்குப் பதிலாகிவிடுகிறது. டில்சன் சொன்னபடி படங்களின் விலை ஏறியது. ஆனால் 20 மில்லியன் பேரிடம் சந்தா வாங்கும் கம்பனி அந்தச் செலவைப் பலர் தலையில் பிரித்துவிடலாம். ஆட்கள் கூடக் காசு கூடும். காசு கூடப் படங்கள் கூடும். படங்கள் கூட ஆட்கள் கூடும். இந்தச் சக்கரம் சுற்றும்வரை, இன்றைய கணக்கேட்டை வைத்து நாளைய கம்பனியை எடைபோடுவது கடினம். ஏறிய விலையும் கம்பனிக்கு உதவுகிறது. புதிய பங்கு விற்றுக் காசு திரட்டலாம், திறமையானவர்களைப் பங்கு கொடுத்தே வேலைக்கு எடுக்கலாம்.

மூன்றாவது, இரவல் விற்றவர்களே விலையை மேலே தள்ளுகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் என்றோ ஒருநாள் அந்தப் பங்கை வாங்கியே ஆகவேண்டியவர்கள். விலை ஏறிப் பிணை கட்ட முடியாதவர்கள் ஒரே நேரத்தில் வாங்க ஓடும்போது விலை இன்னும் ஏறும். அது அடுத்தவரையும் வாங்கத் தள்ளும். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் கேம்ஸ்ரொப் பங்கில் உலகமே இதைப் பார்த்தது. அது இணையக் கம்பனி அல்ல, விளையாட்டு மென்பொருள் விற்கும் கடைத் தொடர். ஆனால் இணையத்தில் கூடிய சிறு முதலீட்டாளர்கள், இந்தப் பங்கில் இரவல் விற்பனை மிதமிஞ்சியிருப்பதைக் கண்டு சேர்ந்து வாங்கினார்கள். மாதத் தொடக்கத்தில் 20 டொலருக்குக் கீழே இருந்த விலை 28ஆம் தேதி ஒரு கட்டத்தில் 483 டொலரைத் தொட்டது. அதை இரவல் விற்றிருந்த மெல்வின் கெப்பிட்டல் நிதியம் அந்த ஒரே மாதத்தில் தன் பெறுமதியில் பாதிக்கு மேல் இழந்தது. அடுத்த ஆண்டு மூடப்பட்டது.

நிபுணர்களும் தப்பவில்லை

இவையெல்லாம் அனுபவமில்லாதவர்களுக்கு வருகிற கஷ்டம் என்று நினைக்கவேண்டாம். ஸ்டான்லி ட்ரக்கன்மில்லர் ஜோர்ஜ் சோரோஸின் நிதியத்தை நடத்திய, அக்காலத்தின் மிகப் பெயர்பெற்ற முதலீட்டாளர்களில் ஒருவர். 1999 தொடக்கத்தில் இணையக் கம்பனிகளின் பங்குகள் எல்லை மீறிவிட்டன என்று கணித்து ஏறத்தாழ 200 மில்லியன் டொலருக்கு இரவல் விற்றார். சில கிழமைகளிலேயே 600 மில்லியன் டொலர் நட்டத்தோடு வெளியேறியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். போட்ட பேரத்தைப் போல மூன்று மடங்கு நட்டம்.

அவருடைய கணிப்பு பிழையா? நஸ்டாக் சுட்டி 2000 மார்ச் 10இல் உச்சம் தொட்டு, 2002 ஒக்டோபருக்குள் முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. 1999 டிசெம்பரில் 100 டொலருக்கு மேல் விற்ற அமேசன் பங்கு 2001 செப்டெம்பரில் 6 டொலருக்கும் கீழே வந்தது. கணிப்பு சரி. ஒரு வருடம் முந்திவிட்டார், அவ்வளவுதான். இன்னும் வேதனை, நட்டப்பட்ட பிறகு மனம் மாறி அதே வகைப் பங்குகளை உச்சத்துக்கு அண்மையில் பெருந்தொகைக்கு வாங்கி, அதிலும் பெரும் நட்டப்பட்டார். ஏறும் விலை பணத்தோடு சேர்த்து மனிதனின் நிதானத்தையும் எடுத்துவிடும்.

மோசடியே என்றாலும்

கம்பனி நேர்மையாக நடந்தால் அப்படி, மோசடிக் கம்பனி என்றால் இரவல் விற்றவருக்கு வெற்றி நிச்சயம்தானே என்று கேட்கலாம். ஜெர்மனியின் வயர்கார்ட் கதை அதற்கும் பதில் சொல்கிறது. இணையக் கொடுப்பனவுகளைக் கையாளும், மின்னல் வேகத்தில் வளர்வதாகக் காட்டிக்கொண்ட கம்பனி அது. கணக்கில் பிழை இருக்கிறது என்று இரவல் விற்பவர்களும் பினான்சியல் டைம்ஸ் பத்திரிகையும் பல வருடங்களாகச் சொன்னார்கள். ஆனால் 2018 செப்டெம்பரில் பங்கு 190 யூரோவைத் தாண்டியது; பழம்பெரும் கொமர்ஸ் வங்கியின் இடத்தில் ஜெர்மனியின் முதல் முப்பது கம்பனிகளின் சுட்டியில் சேர்க்கப்பட்டது. 2019 பெப்ரவரியில் ஜெர்மன் நிதிக் கண்காணிப்பு அதிகாரசபை, வயர்கார்ட் பங்கை இரவல் விற்பதை இரண்டு மாதங்களுக்குத் தடைசெய்தது. பத்திரிகையாளர்கள் மீதே முறைப்பாடும் செய்தது. 2020 ஜூனில் 1.9 பில்லியன் யூரோ கணக்கில் மட்டும்தான் இருந்தது என்பது வெளியாகி, சில நாட்களில் கம்பனி வங்குரோத்தானது.

இதில் இரண்டு பக்கமும் உண்டு. மோசடியை அதிகாரிகளுக்கு முன் கண்டவர்களில் இரவல் விற்பவர்களும் அடங்குவர். அவர்களை வெறும் கழுகுகள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதேநேரம், உண்மையைக் கண்டுபிடித்தவர்களே வருடக்கணக்கில் நட்டத்தையும் விசாரணையையும் அரசின் தடையையும் தாங்கவேண்டி வந்தது. 1610இல் நெதர்லாந்து அரசு யார் பக்கம் நின்றதோ, 2019இல் ஜெர்மன் அதிகாரசபையும் அந்தப் பக்கமே நின்றது.

கைத்தொலைபேசியில் வந்த ஆபத்து

முன்பெல்லாம் இது பெரிய நிதியங்களின் வேலை. இப்போது கைத்தொலைபேசிச் செயலிகளில் ‘விற்க’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும். பங்கை இரவல் எடுக்கவும் தேவையில்லை. விலை வித்தியாசத்தின் மீது மட்டும் ஒப்பந்தம். கட்டிய காசைப் போலப் பல மடங்கு பேரம் செய்யவும் விடுவார்கள். 2018இல் ஐரோப்பியப் பங்குச் சந்தைகளின் கண்காணிப்பு அதிகாரசபை இவற்றை ஆராய்ந்து, சிறு முதலீட்டாளர்களின் கணக்குகளில் 74 முதல் 89 வீதம் வரை நட்டத்திலேயே முடிவதாகக் கூறியது. தனிப் பங்குகளில் ஐந்து மடங்குக்கு மேல் பேரம் செய்யக் கூடாது என்றும் வரம்பு விதித்தது. அந்த ஐந்து மடங்கே போதும் ஆளை வீழ்த்த. விலை 20 வீதம் ஏறினால் கட்டிய காசு முழுவதும் போய்விடும். நெட்பிளிக்ஸ் ஒரே நாளில் 15 வீதம் ஏறியதை மேலே பார்த்தோம்.

நட்டத்துக்கு வரம்பு வைக்க இன்னொரு வழி இருக்கிறது: குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட விலைக்கு விற்கும் உரிமையைக் கட்டணம் கொடுத்து வாங்குவது. புட் ஒப்ஷன் என்பார்கள். கட்டணத்துக்கு மேல் நட்டம் வராது. ஆனால் அந்த உரிமைக்கு ஆயுள் உண்டு. பரபரப்பான பங்குக்குக் கட்டணமும் அதிகம். மூன்று மாத உரிமை வாங்கியவருக்கு நான்காம் மாதத்தில் விலை விழுந்து பயனில்லை. அறுவடைத் தேதி தெரியாத பிரச்சினை இங்கும் அப்படியே நிற்கிறது.

வணிகச் சட்டத்தின் கண்ணில்

எமது வாசகர்கள் பலருக்கு இன்னொரு கேள்வியும் எழும். கையில் இல்லாததை விற்கக் கூடாது என்பது இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் நன்கு அறியப்பட்ட விதி. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கழகம், தரகர் இரவல் தருவதாக வாக்களித்ததை நம்பித் தனக்குச் சொந்தமில்லாத பங்கை விற்பது ஆகாது என்று தீர்மானித்தது. இந்த விதியின் பின்னால் இருக்கும் நியாயத்தை மேலே பார்த்த கணக்குகளே விளக்குகின்றன. தன்னிடம் உள்ளதை விற்பவர் இழக்கக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. இல்லாததை விற்பவர், நாளைய விலை என்னவென்று தெரியாத ஒரு கடனைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். கடன் எவ்வளவு என்பதை அவரோ இரவல் கொடுத்தவரோ தீர்மானிப்பதில்லை. சந்தையில் நிற்கும் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் தீர்மானிக்கிறார்கள்.

மூன்று கேள்விகள்

ஒரு கம்பனியின் பங்கு விலை அதிகம் என்று தோன்றும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கவேண்டும். விலை உண்மையில் அதிகமா? அதிகம் என்பதை மற்றவர்கள் எப்போது ஒப்புக்கொள்வார்கள்? அதுவரை தாக்குப்பிடிக்க என்னிடம் காசும் மனமும் இருக்கிறதா? டில்சனும் ட்ரக்கன்மில்லரும் முதலாவது கேள்விக்குச் சொன்ன பதிலில் நிறைய உண்மை இருந்தது. அவர்களை வீழ்த்தியவை இரண்டாவதும் மூன்றாவதும்.

விலை அதிகம் என்று நினைத்து ஒரு பங்கை வாங்காமல் இருப்பவர், தன் கணிப்பு பிழைத்தால் ஓர் இலாபத்தைத் தவறவிடுவார். அதே நினைப்பில் அதை இரவல் விற்பவர், தன் கணிப்பு சரியாக இருந்தாலும் வீட்டை இழக்கலாம். இருவருடைய கருத்தும் ஒன்றுதான். பிந்தியவர் மட்டும் அந்தக் கருத்துக்கு ஒரு தவணைத் தேதி போட்டுக் கடன் பட்டுவிட்டார். அந்தத் தேதியை எழுதும் பேனாவோ வேறு யாருடைய கையிலோ இருக்கிறது.